மார்பளவுத் தண்ணீரில் ஒரு லாரிக்காரர்

"ஒதுங்குங்க, ஒதுங்குங்க, வண்டி பின்னால வருது!"

குரல் கொடுத்தபடியே லாரிக்காரர் நீச்சல் குளத்தில் பின்னோக்கி நடக்கிறார். மார்பளவுத் தண்ணீர். பின்நடையில் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று பயிற்சி தரும் பெண் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவர் கேட்பதில்லை. இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. அப்புறம்தான் கால் நகரும்.

"ஆயுசு பூரா கண்ணாடி பாத்து ஓட்டினவன்மா. குருட்டாம்போக்குல போகச் சொல்லாத."

"அந்த ஹாரனையாவது நிறுத்துங்க, காது போகுது," என்கிறார் பக்கத்தில் முழங்காலை உயர்த்தி நிற்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை.

கரையில் துண்டோடு உட்கார்ந்திருக்கும் லாரிக்காரரின் மகளுக்கு இந்தச் சத்தம் திகட்டுவதே இல்லை. வீட்டில் அப்பா இப்போதெல்லாம் பேசுவது குறைந்துவிட்டது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயருக்காகத் தவிப்பார். "அதான்... தலைக்கு... அட, விடு." போன மாதம் முடிவெட்டிக்கொள்ளப் போனவர், தெருக்கள் குழம்பி, பூட்டிய கடையொன்றின் வாசலில் இருட்டும்வரை நின்றிருந்தார். அன்றிலிருந்து அவள் அவரைத் தனியே விடுவதில்லை. எதற்கும் சண்டைக்கு நிற்கிற மனிதர், அதற்கு மட்டும் தலை குனிந்துகொண்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தண்ணீரில் இறங்கிவிட்டால் வேறு ஆள். கூன் நிமிர்கிறது. தரையில் தேய்கிற கால்கள் இங்கே நீரைக் கிழிக்கின்றன. நடக்க வேண்டும், நீருக்கடியில் கைதட்ட வேண்டும், ஆளுக்கொரு பழத்தின் பெயரும் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. "மறதி போயிடும்னு நான் வாக்குக் குடுக்கலக்கா," என்று பயிற்சிப் பெண் முதல் நாளே மகளிடம் சொல்லியிருக்கிறாள். "ஆனா தலைய சும்மா உக்கார விடக் கூடாது. உடம்போட சேர்ந்து அதுவும் நடக்கட்டும்."

இன்று அவர் முறை வந்தபோது வாய் திறந்தது, பழம் வரவில்லை. குளமே அவரைப் பார்த்தது. தலைமையாசிரியையின் உதடு துடித்தது.

"யாரும் எடுத்துக் குடுக்காதீங்க," என்றாள் பயிற்சிப் பெண். "ஐயா, சொல் வராட்டிப் பரவால்ல. கால் நிக்கக் கூடாது."

நின்ற இடத்திலேயே அவர் மிதிக்கத் தொடங்கினார். மிதித்தார், மிதித்தார். நீர் கலங்கி மற்றவர்களின் தோள்வரை அலையடித்தது. கரையில் மகள் உலர்ந்த துண்டைப் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"மாதுளை!"

"வண்டி கிளம்பிடுச்சுடோய்!" என்று தலைமையாசிரியை தண்ணீரை ஓங்கி அறைந்தார்.

உடை மாற்றிக்கொண்டு வந்தவர் ஈரப் பையை மகளிடம் நீட்டினார்.

"இன்னிக்கு நான் முன்னால, நீ பின்னால. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது."

"தப்பாத் திரும்பிட்டீங்கன்னா?"

"அதோட சரி. தனியாப் போறேன்னு உன்கிட்ட இனிமே கேக்கவே மாட்டேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவள் பத்தடி விட்டு நடந்தாள். மருந்துக்கடையைத் தாண்டினார். அச்சகத்தைத் தாண்டினார். மூன்று தெருக்கள் பிரியும் முனையில் நின்றுவிட்டார். ஒவ்வொரு தெருவாகப் பார்த்தார். முதுகு மெல்லக் கூனியது. 'வலப்பக்கம்பா' என்று தொண்டைவரை வந்ததை அவள் விழுங்கினாள்.

நடைபாதையின் நடுவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, அவர் முழங்கால்களை உயர்த்தத் தொடங்கினார். இடது, வலது, இடது, வலது. சைக்கிளில் போன ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவர் கண்டுகொள்ளவில்லை. இல்லாத தண்ணீரை அந்தக் கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன.

பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல, வலப்பக்கத் தெருவில் நுழைந்து விறுவிறுவென்று நடந்தார்.

மகள் நின்ற இடத்தில் நின்றாள். அவளுடைய குதிகால்களும் அவளறியாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.