மூன்றாம் வகுப்பு அறை

கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே நான் பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் உட்கார முடியவில்லை. பள்ளியிலும் முடியவில்லை. குரும்பகரம் போகிற வழியில் வயல்களுக்கு நடுவே இருந்த சின்னத் தொடக்கப்பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. மணியடித்தது முதல் வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பேன். மூடின ஜன்னலைத் திறப்பேன், திறந்ததை மூடுவேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போய்விடுவேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் அப்படி எதுவும் சொல்லவில்லை. கிடந்த பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, "சாரு கடைசியா என்ன சாப்புடணும்னு ஆசப்பட்டாங்க?" என்று கேட்டாள். வாழைக்காய் பஜ்ஜி என்று சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்தப் பங்குனியில் உத்தரவு வந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டதால் எங்கள் பள்ளியை வரிச்சிக்குடிப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்க்கிறார்கள். சேர்ந்த பள்ளிக்கு நானே பொறுப்பு. கோடை விடுமுறை முடிவதற்குள் சாமான்களை ஏற்றிவிட வேண்டும்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியர் தன் அறையைக் காலிசெய்ய மறுத்தார். எனக்கு வெகு காலம் முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர், அதிகம் பேசாதவர். வாசலில் மினி லாரி ஹாரன் அடிக்கிறது. அவர் உள்ளே நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிப்போடுங்கள் என்றார்கள் மற்ற ஆசிரியைகள். எல்லாம் சரியாகிவிடும் சார் என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். லாரியை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அவருக்கு எதிரே பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த ரூம்ல என்ன சார் இருக்கு?"

அவர் ஜன்னலோரப் பெஞ்சைப் பார்த்தார். "எம்பொண்ணு அதுல உக்காந்துதான் படிச்சிச்சு டீச்சர். அது போனப்புறம் நான் இங்கேர்ந்து மாத்தலே கேக்கல."

அவருக்கு ஒரு பிள்ளை தவறிப்போனது என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடாமல், குழந்தை எப்படி இருப்பாள் என்று கேட்டேன். கணக்கு வராது என்றார். வாய் ஓயாது, வகுப்பிலேயே அப்பா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்றார். சொல்லும்போது சிரித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அவளைப் பற்றிக் கேட்டதில்லையாம்.

அந்தப் பெஞ்சைப் புதுப்பள்ளியிலும் அவர் வகுப்பிலேயே போட்டுவிடலாம் என்றேன்.

"வேணாம் டீச்சர். வேற வகுப்புல போடுங்க. எங்கண்ணு முன்னால இருந்தா அதையே பாத்துக்கிட்டு இருப்பேன்."

மறுநாள் அவரே ஒரு பக்கம் பிடித்து அதை லாரியில் ஏற்றினார்.

புதுப்பள்ளியில் எதுவும் சுலபமாக நடக்கவில்லை. அங்கிருந்தவர்கள் எங்களுக்கு அறைகள் விட்டுக்கொடுக்க நேர்ந்ததில் மனம் கசந்திருந்தார்கள். இரண்டு பள்ளி ஆசிரியர்களும் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கூட்டம் போட்டுப் பேசுவதை விட்டேன். ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய், இந்த மாற்றத்தில் உங்களுக்கு எது போயிற்று என்று கேட்டேன். சிலர் கொட்டித் தீர்த்தார்கள். ஒருவர் ஒன்றுமில்லை என்றார். ஒரு ஆசிரியை கடைசிவரை சமாதானமாகவில்லை, மாற்றல் வாங்கிக்கொண்டு போலகம் பக்கம் போய்விட்டார். அவரைத் தடுக்கவில்லை. வழியனுப்ப பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். பஸ் வரும்வரை அவர் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். நான் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.