இறுகக் கட்டிய கை

ரேவதி டீச்சர் எலும்புப் பாடம் எடுத்தால் நாலாம் வகுப்பில் யாரும் தூங்க முடியாது. பள்ளியில் எலும்புக்கூடு பொம்மை கிடையாது. கேட்டால் தலைமை ஆசிரியர் கோதண்டராமன், "நீங்களே ஒல்லியாத்தான் இருக்கீங்க, போய் நில்லுங்க" என்பார். அந்த மனுஷனுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ரேவதி அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

"பொம்மை எதுக்குடா? ஆளுக்கு ஒண்ணு உள்ளயே வச்சிருக்கீங்க. தொட்டுப் பாருங்க. மண்டை, மூளைக்குப் போட்ட ஹெல்மெட். விலா எலும்பு, இதயத்தைப் பத்திரமா வைக்கிற கூண்டு. முதுகுல மணி மணியாக் கோத்திருக்கு பாரு. ஒரே எலும்பா இருந்தா குனிஞ்சு செருப்பு மாட்டுவியா? முட்டி கதவுக் கீல் மாதிரி, ஒரு பக்கம்தான் மடங்கும். பெரியவங்களுக்கு மொத்தம் இருநூத்தியாறு. பொறந்த குழந்தைக்கு இன்னும் ஜாஸ்தி, வளர வளர ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும். உடைஞ்சாலும் ஒட்டும். ஏன்னா எலும்பு செத்த கட்டை இல்ல, உசுரோட இருக்கு."

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைத்த குடும்பம் அவளுடையது. வீட்டில் முதலில் படித்தவள் அவள்தான். இப்போது வேங்கிக்காலில் வீடு, ஸ்கூட்டர், அரசாங்கச் சம்பளம் எல்லாம் இருந்தாலும், தான் நடத்திய பாடத்தை எந்தப் பிள்ளையும் மறக்காது என்பதில்தான் அவளுக்குப் பெருமை. சொல்லப்போனால் கொஞ்சம் கர்வம்.

அன்றைக்கு எலும்பு முறிவுக்கு முதலுதவி. ஒரு பையன் கை உடைந்தவனாக நடித்தான். பூக்காரி தனத்தின் மகள் கீர்த்தனா அடிஸ்கேலை வைத்துத் துண்டால் கட்டினாள். கட்டு தொளதொளவென்று நழுவியது. "இறுக்கு!" என்றாள் ரேவதி. வகுப்பே "இறுக்கு! இறுக்கு!" என்று கத்தியது. ஒரே சிரிப்பு. கட்டிய பிறகு விரலைப் பார்க்க வேண்டும், மரத்தாலோ வீங்கினாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்த வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடினார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். மறுநாள் வேறு பாடம் வந்துவிட்டது.

அந்த மாதப் பௌர்ணமிக்குத் தனம் பேகோபுரத் தெருவில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கிரிவலக் கூட்டத்தில் யாரோ இடித்ததில் கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. பௌர்ணமியன்று பூக்காரி கடையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாளா? பக்கத்திலிருந்த கீர்த்தனா பள்ளிப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள், பூக்கூடையை மூடியிருந்த துணியைச் சுற்றினாள், பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். வலித்தது. வலித்தால்தான் எலும்பு ஒட்டுகிறது என்று தனம் நினைத்துக்கொண்டாள். டீச்சர் சொல்லிக் கொடுத்த கட்டாயிற்றே.

மறுநாள் காலை கீர்த்தனா கையைத் தூக்கினாள். "டீச்சர், எங்கம்மாவுக்கு நாந்தான் கட்டு போட்டேன்!"

ரேவதிக்கு மனசு குளிர்ந்தது. "பலே! இப்ப வலி இருக்கா?"

"ராத்திரி கத்துனாங்க. இப்ப வலியே தெரியலையாம். விரல் மட்டும் நீலமா, சில்லுனு இருக்கு."

ரேவதி சாக்பீஸைக் கீழே போட்டாள். பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தாள். வீட்டு வாசலில் தனம் பல்லால் நூலைக் கவ்வி ஒற்றைக் கையால் பூக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேவதி பூக்கூடையில் கிடந்த கத்தரியை எடுத்து முடிச்சை வெட்டினாள்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார்கள். "எலும்புல லேசான கீறல்தான், அது ஒட்டிடும். கட்டுதான் கையைக் கெடுத்திருக்கு. விரல்ல உணர்ச்சி எவ்ளோ திரும்புமோ தெரியாது. யாருங்க இதைக் கட்டுனது?" என்று டாக்டர் கோபமாகக் கேட்டார்.

கீர்த்தனா அழுதுகொண்டே, "நான்" என்றாள். டாக்டர் அவளையே முறைத்தார். ரேவதி வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். படித்தவள், பத்துப் பேருக்குச் சொல்லித் தருகிறவள், ஒரு சின்னப் பெண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"நீங்களா போய்க் கட்டுனீங்க? பேசாம இருங்க, டீச்சர்" என்று கோதண்டராமன் வேறு தைரியம் சொன்னார். தெருவில் கீர்த்தனாவுக்குக் குட்டி டாக்டர் என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள். அவள் வகுப்பில் கையைத் தூக்குவதை விட்டுவிட்டாள். ரேவதிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் பள்ளி விட்டதும் நேரே தனத்தின் வீட்டுக்குப் போனாள். தனம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நூலை வைத்து இழுத்தாள். நூல் நழுவியது. மல்லிகை மடியில் கொட்டியது.

"தப்பு என்னுதுங்க" என்றாள் ரேவதி. "நான் பாதிதான் சொல்லிக்குடுத்தேன். விரலைப் பாக்கணும்னு சொல்லவே இல்ல. ஆஸ்பத்திரியிலயும் வாயை மூடிக்கினு நின்னேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

தனம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொட்டிய பூவைப் பொறுக்கிக்கொண்டே, "என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது டீச்சர்? அவகிட்ட சொல்லுங்க. தெனம் நான் தூங்கினதும் எழுந்து வந்து, என் விரலை ஒண்ணொண்ணாக் கிள்ளிப் பாக்குறா. கிள்ளுறது எனக்குத் தெரியல. அவ அழுவுற சத்தம்தான் என்னை எழுப்புது" என்றாள்.

மறுநாள் ரேவதி மறுபடி ஸ்கேலையும் துண்டையும் எடுத்தாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. "அன்னிக்கு நான் இந்தப் பாடத்தைத் தப்பா நடத்தினேன். கீர்த்தனா நான் சொன்னபடியேதான் செஞ்சா. அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பிறகு தன் கையை நீட்டி, "வா கண்ணு, கட்டு" என்றாள்.

கீர்த்தனா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கடைசியில் வந்து துண்டைச் சுற்றினாள். முடிச்சுப் போட அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு முனையையும் பிடித்தபடி நின்றாள்.

"விரல்ல உணர்ச்சி தெரியுதா டீச்சர்?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.