வரதனின் கிருதா

பழவேற்காடு கடைத்தெருவில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. கடைச் சுவரில் ஒரு வெள்ளைக்காரன் படத்தை மாட்டி வைத்திருந்தேன். கப்பலில் வேலை பார்த்த என் மச்சான் கொண்டுவந்த ரெக்கார்டின் அட்டை அது. யாரோ ராக் அண்ட் ரோல் பாட்டுக்காரனாம். ரெக்கார்டு இருந்ததே தவிர, போட்டுக் கேட்க எனக்கு வசதி இல்லை. அவன் குரல் எப்படியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முடியைப் பார்த்தே மயங்கி மாட்டிவிட்டேன். முன்னால் குருவிக்கூடு மாதிரி தூக்கிச் சீவிய கிராப்பு. காதைத் தாண்டித் தாடை வரைக்கும் இறங்கிய அகலமான கிருதா.

என்னைவிட மோசமாக மயங்கியவன் வரதன். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரன், கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். எழுபத்துநாலில் சட்டை தைக்க வந்தான். அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால் தூக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா பாய், இவரு யாரு?"

"பாட்டுக்காரன்ப்பா."

"பாட்ட வுடு பாய். இந்த முடி நமக்கு நிக்குமா?"

கடல் காற்றில் நிற்கவே நிற்காது என்றேன். மூன்று மாதத்தில் நிறுத்திக் காட்டினான். கடலுக்குப் போகும்போது தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வான். திரும்பும்போது கரை தெரிந்ததும் துண்டை அவிழ்த்து, இடுப்பில் செருகிய சீப்பை எடுத்துச் சீவ ஆரம்பித்துவிடுவான். அது அலை உடைகிற இடம், இரண்டு கையாலும் துடுப்பைப் பிடிக்க வேண்டிய நேரம். மரத்தில் கூட வரும் கூட்டாளி திட்டாத திட்டு இல்லை. ஆனால் மரத்தைக் கவிழாமல் கரையேற்றுவதில் அந்தக் குப்பத்தில் வரதனை மிஞ்ச ஆள் கிடையாது. பந்தாப் பேர்வழிகளை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. இவன் வேலை தெரிந்த பந்தாக்காரன், அதனால் ரொம்பவே பிடித்தது.

எங்கே வெட்டிக்கொள்கிறாய் என்று கேட்டால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "மெட்ராஸ் சலூன் பாய்" என்பான். எல்லோரும் நம்பினோம். இரண்டு வருஷத்துக்குள் ஏரியைச் சுற்றி இருக்கும் குப்பங்களில் பாதி இளவட்டம் கிருதாவோடு திரிந்தது. ஆந்திரா பக்கத்துப் பையன்கள்கூட என் கடைக்கு வந்து படத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருத்தனாவது ஒரு சட்டைத் துணி கொடுத்திருப்பானா? கிடையாது.

எழுபத்தொன்பது, சித்திரை மாதக் கடைசி. கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று வரதன் தனியாகக் கடலுக்குப் போன அன்று பெரும் காற்று கிளம்பிவிட்டது. அவன் திரும்பவில்லை. நாலாம் நாள் காலையில் குப்பத்துக் கரையில் ஒரு உடல் ஒதுங்கியது. முகத்தை மீன் கொத்தியிருந்தது, அடையாளம் தெரியவில்லை. வயதும் உடம்புவாகும் வரதனைப் போலத்தான். இரண்டு பக்கமும் கிருதா.

குப்பத்துப் பெரியவர் வேதாசலம் எனக்கு ஆள் அனுப்பினார். அந்த முடியை ஊருக்குள் கொண்டுவந்தவன் நான்தானே, நான் பார்த்துச் சொன்னால் தீர்ந்தது என்று நினைத்தார். நானும் பெரிய மனுஷன் மாதிரி குனிந்து பார்த்து, "வரதன்தான்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

குப்பமே கதறியது. வரதனின் மனைவி ஜெயம்மா மட்டும் அழவில்லை. வலை சரிசெய்வதில் அவளுக்கு நிகரான கை அங்கே வேறு இல்லை. உடலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு இடது கிருதாவை விரலால் தடவினாள். பிறகு வலது கிருதாவை.

"இது எங்க வூட்டுக்காரரு இல்ல."

"மனச தேத்திக்கம்மா" என்றார் வேதாசலம்.

"மாமா, அவரு மெட்ராஸ் சலூனுக்கே போனது இல்ல. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை நான்தான் வலை அறுக்கிற கத்தியால வெட்டி வுடுவேன். எனக்கு எடது கை. நான் வெட்டுனா நுனி பின்னால சாஞ்சி நிக்கும். இது நேரா கீது, வேற கை வெட்டுனது. வலைய தொட்டு எவ போட்ட முடிச்சினு சொல்றேன் இல்ல, என் கைய எனக்குத் தெரியாதா?"

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மெட்ராஸ் சலூன் சமாச்சாரம் பொய் என்று தெரிந்ததில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும். போலீசுக்குச் சொல்லி, எழுத வேண்டியதை எழுதிய பிறகு அன்று சாயங்காலமே புதைத்தார்கள். மண் போடுவதற்கு முன்னால் ஜெயம்மா ஆண்களை ஒதுங்கி நிற்கச் சொன்னாள், கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தோம். பதினாறாம் நாள் ஜெயம்மாவின் தாலியை எடுப்பது என்று ஊர் முடிவு செய்தது.

"எடுக்க வர்றவ கைய ஒடிச்சிடுவேன்" என்றாள் ஜெயம்மா.

தினமும் தலைக்குப் பூ வைத்து, நெற்றிக்குப் பொட்டு வைத்து, வாசலில் உட்கார்ந்து வலை பின்னினாள். பெண்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். கடலுக்குப் போகிற ஆண்கள் அவள் எதிரே வராமல் சுற்றிக்கொண்டு போனார்கள். செத்தவன் தாலியை அவள் சுமந்துகொண்டிருக்கும்வரை மரம் இறக்கமாட்டோம் என்றுகூட நாலு பேர் சொல்லிவிட்டார்கள். ஒரு குப்பமே ஒரு பக்கம், அவள் மட்டும் மறுபக்கம். அந்த நெஞ்சுறுதி எனக்கெல்லாம் ஒரு நாளும் வராது.

பதினாறாம் நாள் காலை. பொன்னேரி பஸ் வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு மொட்டைத்தலை என் கடை வாசலில் நின்றது. எலும்பும் தோலுமாக, வெயிலில் கருகிப்போன ஆள். மீசையும் இல்லை.

"சட்டையா, பேன்ட்டா?" என்றேன்.

"மொதல்ல ஒரு டீ சொல்லு பாய்."

குரலைக் கேட்டதும் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவி என் காலில் விழுந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

காற்று அவனை மூன்று நாள் வடக்கே தள்ளியிருக்கிறது. தெலுங்கு மீனவர்கள் தூக்கிக் கரை சேர்த்து, பத்து நாளுக்கு மேல் காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு கார்டு எழுதிப் போடச் சொல்லியிருக்கிறான். அந்தக் கார்டு, இவன் வந்து நாலு நாள் கழித்து வந்து சேர்ந்தது.

"கரைய கண்ணால பாத்தா முடிய குடுத்துடறேன்னு வேண்டிக்கினேன் பாய். என்னாண்ட வேற இன்னா கீது குடுக்க? அத குடுக்காம வூட்டுக்குள்ள எப்டி கால் வெக்கறது? அதான் திருப்பதி போய்ட்டு வந்தேன்."

"அடப்பாவி, உன் வூட்ல இன்னிக்கு இன்னா நடக்குதுனு தெரியுமா?" என்று கத்தினேன். டீயும் குடிக்கவிடாமல் இழுத்துக்கொண்டு போய்ப் படகில் தள்ளினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் ஜெயம்மாவைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒரு கிழவியின் கை தாலிக் கயிற்றின் மேலேயே இருந்தது. ஜெயம்மா இரண்டு கையாலும் தாலியைப் பொத்திப் பிடித்திருந்தாள். வேதாசலம் என்னைப் பார்த்து, "யாரு பாய் கூட?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து பார்த்த பையனை அவருக்கே தெரியவில்லை.

ஜெயம்மா நிமிர்ந்தாள். ஒரே பார்வை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள்.

"திருப்பதிக்கா போனே?"

அவன் தலையாட்டினான்.

"நான் இங்க தாலிய புடிச்சிக்கினு ஒக்காந்துகினு கீறேன், நீ மொட்ட போட போனியா!" என்று அவன் நெஞ்சில் மாறி மாறிக் குத்தினாள். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். அத்தனை நாளும் அழாத அழுகை. தாலி எடுக்க வந்தவர்களும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். 

அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அப்போ அந்தப் புள்ள யாரு வூட்டுது? அவன பெத்தவ இன்னும் கரையில பாத்துகினு இருப்பாளே."

எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

பொங்கலுக்குள் வரதனின் குருவிக்கூடு பழையபடி எழுந்துவிட்டது. இந்த எண்பத்தாறிலும் அதே கிருதாதான். யார் கேட்டாலும் "எங்க வூட்ல வெட்டுனது" என்கிறான். ஆனால் அவன் மொட்டையாக இருந்தபோதே, வந்த மறுநாளே, இரண்டு பேரும் வடக்கே போகும் படகில் ஏறினார்கள். குப்பம் குப்பமாக விசாரித்து, மூன்றாவது ஊரில் அந்தத் தாயைக் கண்டுபிடித்தார்கள். ஆந்திரா பக்கம். அவள் மகனும் என்றைக்காவது என் கடைச் சுவரைப் பார்த்துவிட்டுப் போனவனாக இருக்கலாம்.

அங்கே நடந்ததை வரதன்தான் எனக்குச் சொன்னான். விஷயத்தைக் கேட்டும் அந்த அம்மா அழவில்லையாம்.  கடைசியில் தெலுங்கில் ஒன்றே ஒன்று கேட்டாளாம். என் பிள்ளை தலை கலைந்தால் வெளியிலேயே போகமாட்டான், எப்படிக் கிடந்தான் என்று.

ஜெயம்மாவுக்குத் தெலுங்கு தெரியும். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம். மண் போடுவதற்கு முன்னால் ஆண்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு, நானே சீவிவிட்டுத்தான் அனுப்பினேன் அம்மா என்று.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா அழுதாளாம்.