அசனக் கறியில் அண்டிப்பருப்பு

நேசபாயின் சாப்பாட்டைத் தின்று இருபத்தாறு வருஷத்தில் ஒரு வயிறுகூடக் கலங்கியதில்லை. இதை அவளே சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். பச்சை இறைச்சி வெட்டிய கத்தி வெங்காயத்தின் பக்கம் போனால், பிடித்திருக்கும் கையில் ஒரு தட்டு விழும். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி மத்தியானம் மிஞ்சினால் கொட்டிவிடுவாள். சபை உபதேசியாரே கேட்டு நின்றாலும் கிடையாது.

அவளுக்கு இன்னொரு பெருமை ஆட்டுக்கறிக் குழம்பு. திருவட்டாறு சுற்றுவட்டாரச் சபைகளில் அசனம் என்றால், சபையார் மொத்தமும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. குழம்புக்கு நேசபாய்தான் போயாக வேண்டும். அந்த ருசி எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்டாலும் "ஜெபம்" என்பாள். உண்மையில் அது அண்டிப்பருப்பு. முந்திரிக்கு இந்தப் பக்கத்துப் பேர் அதுதான். கல்யாணத்துக்கு முன்பு அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் பருப்புக்குத் தொலி உரித்த காலத்தில் பிடிபட்ட வித்தை. வீட்டிலேயே அரைத்து, தேங்காய் விழுதோடு கலந்து, தேங்காய் என்றே கொண்டுவருவாள். சாம்பார் வைக்கும் முத்துக்கனி பதினோரு வருஷமாக மோப்பம் பிடித்தும் அகப்படவில்லை.

இந்த வருஷ அசனத்தில், பந்தி உட்காரும் நேரத்தில், பெமிலா தன் ஆறு வயது மகன் ஜெபிஷைக் கூட்டிக்கொண்டு சமையல் பந்தலுக்கு வந்தாள். மஸ்கட்டில் நர்ஸ், லீவில் வந்தவள்.

"அக்கா, கறியில அண்டிப்பருப்பு உண்டா? இவனுக்கு ஆகாது. போன வருஷம் கேக்குல ஒரு துண்டு கெடந்ததுக்கே தொண்ட வீங்கி மூச்சு முட்டிட்டு. ரெண்டு நாளு ஆசுபத்திரியில கெடந்தான்."

முத்துக்கனி சாம்பார் கிண்டுவதை நிறுத்தினாள்.

"ஒரு பொட்டு கெடயாது மக்கா," என்றது நேசபாயின் வாய். இருபத்தாறு வருஷப் பழக்கம். மூளையிடம் அது கேட்கவில்லை.

பெமிலா பையனை முதல் வரிசையில் உட்காரவைத்தாள். நேசபாய் பின்னாலேயே ஓடினாள்.

"பிள்ளைக்குக் கறி வேண்டாம் மக்கா. எரிவு கூடுதல்."

"அவன் பச்ச மொளகாயே கடிப்பான்."

"எலும்பு கெடக்கும்."

"நான் எடுத்துக் குடுப்பேன்."

கறி வாளி மூன்றாவது இலைக்கு வந்துவிட்டது. ஜெபிஷ் ஏழாவது இலை. நேசபாய்க்கு வேறு பொய் சிக்கவில்லை.

"கறி ஊசிப்போச்சு," என்றாள்.

வாய்க்குப் போன கைகள் பாதியில் நின்றன. பெமிலாவுக்குள் இருந்த நர்ஸ் எழுந்துவிட்டாள். "ஆரும் தொடாதீங்க. ஊசினத திரும்பச் சூடாக்குனாலும் சரியாவாது. நானூறு பேருக்கும் வயித்தால போகும். குழி தோண்டிக் கொட்டுங்க."

சபைச் செயலாளர் செல்வதாஸ் மண்வெட்டிக்கு ஆளனுப்பினார். அறுபது கிலோ கறி. தன் குழம்புக்குத் தானே அடக்க ஆராதனை நடத்துகிறோமே என்று நினைத்தாள் நேசபாய். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பையன் தப்பித்தானே.

பரிமாறுகிறவர்கள் கறி வாளியை ஓரமாக வைத்துவிட்டு, அதில் கிடந்த கரண்டியை அப்படியே சாம்பார் வாளியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நாலாவது இலை. ஐந்தாவது இலை. ஜெபிஷின் இலைக்கு நேரே கரண்டி சாயும்போது நேசபாய் இலையைச் சோற்றோடு வாரி எடுத்தாள்.

"அந்தக் கரண்டி கறியில கெடந்தது."

"ஊசின கறியிலயா?" என்றார் செல்வதாஸ்.

"கறி ஊசல்ல. அதுல அண்டிப்பருப்பு உண்டு. மூணு கிலோ உண்டு. போதுமா?"

பந்தியிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அப்போ ஜெபம்?"

"அதுவும் உண்டு."

பெமிலா முறைத்தாள். திட்டியிருந்தால் நேசபாய்க்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். நேசபாய் பையனின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, போதகர் வீட்டிலிருந்து வேறு சட்டியும் கரண்டியும் வாங்கி, தானும் முழங்கை வரை கழுவிக்கொண்டு, முட்டை பொரித்துக் கொடுத்தாள். யாரும் கைவைக்காத பானையிலிருந்து சோறு. அவன் உண்டு முடிக்கும்வரை அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறி குழிக்குப் போகவில்லை. இரண்டாம் பந்திக்கே தட்டுப்பாடு.

பாத்திரம் கழுவும் இடத்தில் முத்துக்கனி நெருங்கி உட்கார்ந்தாள். "அக்கா, அந்த மூணு கிலோ எவ்வளவு கறிக்கு?"

"பரிமாறுகதுக்கு முன்னால ஆருக்காவது ஆகாதான்னு கேளு. கரண்டியத் தனியா வையி," என்றாள் நேசபாய்.

"அது சரி. எவ்வளவுக்கு?"

"பத்து கிலோவுக்கு," என்றாள் நேசபாய். குழம்பு களியாகிப் போகும்தான். அதனால் யாருக்கும் மூச்சு முட்டாது.