ஏலத்துக்குப் போன பூப்பொத்தான்

எங்கள் சித்தி பள்ளிக்கூடத்து டீச்சர்தான். ஆனால் அவள் ஒரு மந்திரக்காரி என்று இரண்டாம் வகுப்பில் நான் முழுமனதாக நம்பினேன். நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

துபாயிலிருந்து லீவில் வந்த சித்தப்பா அவளுக்கு ஒரு பெட்டி நிறையக் கலர் களிமண் கொண்டுவந்தார். பாலிமர் களிமண்ணாம், சுட்டால் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். அவர் திரும்பிப் போனதும் சித்தி பாளையங்கோட்டையில் எங்களோடு வந்து தங்கினாள். மழை வெறித்த ஒரு சனிக்கிழமை பெட்டியைப் பிரித்தாள். மஞ்சளில் ஒரு திரி, அதைச் சுற்றிச் சிவப்பில் ஐந்து, இடுக்கெல்லாம் வெள்ளை. வாழைக்காய் தடிமனில் ஓர் உருளை சேர்ந்தது. அதன் முனையில் ஒரு பூ தெரிந்தது. அதைச் சப்பாத்திப் பலகையில் போட்டு உருட்டத் தொடங்கினாள். ஐயோ, பூ நசுங்கிப்போகுமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“பைய உருட்டினா ஒண்ணும் ஆவாதுட்டி. பூ உள்ளதான் இருக்கு,” என்றாள்.

விரல் தடிமன் வந்ததும் பிளேடால் ஒரு வில்லை நறுக்கினாள். அடேயப்பா! அதே பூ, ஓர் இதழ் குறையாமல், சின்னதாகி உட்கார்ந்திருந்தது. அடுத்த வில்லையிலும் பூ. வெட்ட வெட்டப் பூ. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பின்னல் ஊசியால் ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை போட்டு, அம்மாவின் கேக் ஓவனில் வைத்துச் சுட்டெடுத்தாள். கிறிஸ்துமஸ் கேக்கெல்லாம் இனி பிளாஸ்டிக் நாறும் என்று அம்மா நாள் முழுக்க முணுமுணுத்தாள்.

அந்தப் பொத்தான்கள் சித்தி பின்னிய ஒரு மஞ்சள் ஸ்வெட்டரில் ஏறின. என் பொம்மைக்குக் கொஞ்சம் பெரிது, மற்ற யாருக்கும் சிறிது. யாருக்கு இது என்று அம்மா கேட்டாள். கோயில் ஏலத்துக்கு என்று சித்தி சட்டென்று சொன்னாள். வேறென்ன சொல்வாள்? கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு முறை உண்டாகித் தங்கவில்லை. பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு நூல்கூட எடுத்துவைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் கண்டிப்பு. காலையும் மாலையும் ஜெபிக்கிற குடும்பம்தான், ஆனாலும் அதில் மட்டும் ஆண்டவரை முழுசாக நம்பிவிட மாட்டார்கள்! மூன்றாவது முறையை அவள் இன்னும் அக்காவான என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அம்மா சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவள். விளைச்சலைக் கோயிலில் ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை அன்று, சித்தி குளித்துக்கொண்டிருந்தபோது, பூசணிக்காயோடும் சேவலோடும் சேர்த்து அந்த ஸ்வெட்டரையும் காணிக்கையாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் ஏலம் தொடங்கியது. சேவல் போனது, பூசணி போனது. உபதேசியார் ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினார். பொத்தான்களைப் பார்க்கக் கூட்டம் முண்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்திக்கு முகம் வெளுத்துப்போயிற்று. முதல் விலையை அவள்தான் கேட்டாள். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் இருந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி மேலே கேட்டார். அவள் கூட்டினாள், அவரும் கூட்டினார். ஏலத்தில் தோற்றுப் பழக்கமில்லாத மனிதர்.

“நீங்களே பின்னி நீங்களே எடுக்கியளே டீச்சர்,” என்று அவர் கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இன்னொன்று பின்னிக்கொண்டால் போயிற்று என்று கடிந்துகொண்டாள்.

“அது எனக்கு வேணும்க்கா,” என்றாள் சித்தி.

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். நேரே போய் அண்ணாச்சியின் மனைவி காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் தன் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். உபதேசியார் மூன்றாம் தரம் சொல்லி முடித்தபோது சிரிப்புச் சத்தமே இல்லை.

சித்தி ஸ்வெட்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு அழகான பொத்தான் கைவிட்டுப் போகப் பார்த்ததே, யாருக்குத்தான் அழுகை வராது என்று நினைத்தேன். அப்போது எனக்குப் புரியாதது ஒன்றுதான். எட்டி நடை போட்டால் ஐந்து நிமிஷத்தில் வரும் வீட்டுக்கு, அன்றைக்கு அம்மாவும் அண்ணாச்சி மனைவியும் சித்தியை நடுவில் விட்டு, வழியில் தேங்கிய மழைத்தண்ணீரையெல்லாம் சுற்றிக்கொண்டு, அத்தனை பைய நடந்தது ஏன்?