வைக்கோல் பிரி வைத்த படகு

காலையில் பக்கத்து வீட்டுக்காரர் மழையில் மக்கிப்போன வைக்கோல் போரைப் பிரித்துப் போட்டார். "நம்ம ஊரு வாசனைங்க" என்று சிரிப்பு வேறு. எனக்குக் குடித்த காபி தொண்டைக்கு வந்துவிட்டது. பாபநாசத்தில் பிறந்தவனுக்கு வைக்கோல் ஆகாதா என்று நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நீங்கள் அந்தப் படகில் இருந்ததில்லை.

கப்பல் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, பாய்மரப் படகில் பயிற்சி என்றதும் காலண்டரில் வருகிற வெள்ளைப் பாய்தான் எனக்கும் ஞாபகம் வந்தது. உள்ளே போனால் டீசல், ஈர சாக்ஸ், கக்கூஸ், அத்தனை பேருடைய வேர்வை. குளிப்பது என்றால் ஈரத் துண்டால் துடைத்துக்கொள்வது. எனக்கு என்னையே பிடிக்காமல் போன காலம் அது. துறைமுகத்தில் நிற்கிற ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைச் சகித்தோம்.

அந்த முறை நாகப்பட்டினம். எனக்குப் பக்கத்துப் படுக்கை ஆரோக்கியம், திருக்காட்டுப்பள்ளிக்காரன். அவன் அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த நாளில் நாங்கள் அந்தமான் பக்கம் இருப்போம். அதனால் அவரே பஸ் பிடித்து, தூக்கு நிறையக் கோழிக் குழம்போடு வந்துவிட்டார். துறைமுகத்துக்குள் வர பாஸ் இல்லை. வாசலில் உட்கார்ந்திருப்பதாகக் காவலாளி சொல்லி அனுப்பினார்.

ஆரோக்கியம் சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தயாராக நின்றான். பயிற்சி அதிகாரி கர்ச்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டு மேலே வந்தார்.

"கீழ என்னடா இந்த நாத்தம்? எங்கேருந்து வருதுன்னு தெரியற வரைக்கும் ஒருத்தனும் எறங்கக் கூடாது."

செத்த எலி என்றான் ஒருவன். எனக்கு மூக்கிலேயே பதில் இருந்தது, சொல்லத்தான் மனம் வரவில்லை. ஆரோக்கியமே வாயைத் திறந்தான்.

"சார், அது நான் வச்சதுதான்."

அடிப்பலகை இடுக்கில் தண்ணீர் கசிவதைப் பார்த்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் வாய்க்கால் கரை கசிந்தால் என்ன செய்வோம்? வைக்கோலைப் பிரியாக முறுக்கித் திணிப்போம். எங்கள் சாப்பாட்டுக்கு ஏற்றிய தர்பூசணிக்கு அடியில் போட்டு வந்த வைக்கோலை முறுக்கி, அவனும் அதையே செய்திருக்கிறான். கசிவும் நின்றுதான் இருந்தது. அப்புறம் அது அழுகிக் கூழாகிவிட்டது.

பிரியை உருவினான். கறுப்பாக, கொழகொழவென்று வந்தது. பின்னாலேயே தண்ணீரும் வந்தது. தச்சர் வரும்வரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"நான் இறைக்கிறேன் சார், அவன் அம்மாவப் பாத்துட்டு வரட்டும்" என்றேன்.

"செஞ்சவன்தான் இறைக்கணும். இந்தக் கோலத்துல கரைக்குப் போயி பள்ளிக்கூட மானத்த வாங்கப் போறானா?" சொல்லிவிட்டு அவர் பிரியாணி சாப்பிடக் கிளம்பிவிட்டார். அந்த வைக்கோலைவிட எனக்குக் குமட்டலாக இருந்தது அவர் செண்டு வாசனைதான்.

வாசலுக்கு ஓடினேன். அம்மா வேப்பமர நிழலில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நாத்தத்தோடயே வரட்டும் தம்பி. நான் பெத்த புள்ளதானே. ஒரு வாட்டி மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடுறேன்னு சொல்லுப்பா."

யாரிடம் சொல்வது? அதிகாரி திரும்பி வரும்போது சாயங்காலம். தச்சர் அதற்கும் பிறகுதான் வந்தார். அம்மா கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் கொடுத்துவிட்டுப் போன குழம்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஆரோக்கியம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிப் பார்த்தான். சோற்றை வாய்க்குக் கொண்டுபோனால் அதே நாற்றம். ஒரு வாய்தான், அதையும் வாந்தியெடுத்தான். மிச்சத்தைக் கடலில் கொட்டினோம். எதையாவது உதைக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

அந்தப் படகை உடைத்து விற்றுவிட்டார்களாம். ரொம்ப நல்லது, எனக்கு ஒரு துளி வருத்தமில்லை. அந்த அம்மா ஆபரேஷனிலிருந்து எழுந்து வரவில்லை. நாற்றத்தோடயே வா என்று ஆரோக்கியத்தைக் கூப்பிட இப்போது யாரும் இல்லை.