பூச்சு காயும் வரை

எனக்கு ஐந்தாவது வரைதான் படிப்பு. எழுத்து கோணல்மாணலாக வரும், பாதியை மறந்தும் போவேன். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. போன வாரம் போளூரில் மகன் வீட்டுக் குளியலறையில், டைல்ஸ் சந்துகளில் பூச்சு உதிர்ந்ததைக் கொத்தனார் வந்து அடைத்தார். "ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வயதுக்குப் பிறகும் நான் அன்று முழுக்க அந்தக் கதவருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜவ்வாது மலையில் அதிகாரிகள் வந்து தங்குகிற ஒரு பங்களாவுக்கு அப்பா காவல்காரர். பின்பக்கம் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பங்களாவின் குளிக்கிற அறையில் சுவரெல்லாம் வெள்ளைக் கல் பதித்து, தலைக்கு மேலே பூவாளி மாதிரி ஒரு குழாய் இருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூச்சு கொட்டிப்போய், தண்ணீர் உள்ளே இறங்கி, அடுத்த அறையில் கட்டில் போட்டிருந்த சுவர் ஊறிப் பொரிந்துவிட்டது. ஆபீசர் அதைத் தொட்டுப் பார்த்து, "அடுத்த தடவை நான் வரும்போதும் இப்படியே இருந்தா, நீ வேற வேலை பாத்துக்க" என்று சொல்லியிருந்தார். வேலை போனால் தங்க இடமும் போகும்.

வெள்ளைச் சிமெண்டு போளூரிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, ஆபீசர் வர மூன்று நாள் இருக்கும்போதுதான் வந்தது. அப்பா ஆணியால் பழைய பூச்சைச் சுரண்டினார். என் விரல் சின்னது என்பதால், குழைத்த சிமெண்டைச் சந்து சந்தாக அழுத்துகிற வேலை எனக்கு. மத்தியானம் முடிந்தது.

"ரெண்டு நாளு தண்ணி படலன்னா பொழச்சோம்" என்றார் அப்பா.

அன்று சாயங்காலமே ஜீப் வந்துவிட்டது. அப்பாவும் அக்காவும் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்கள். ஆபீசர் வீட்டு அம்மா துண்டை எடுத்துக்கொண்டு நேராகக் குளிக்க வந்தார். நான் கதவை மறித்து நின்றேன்.

"என்ன பாப்பா, வழி விடு."

பூச்சு இன்னும் காயவில்லை என்று சொன்னால் அப்பாவின் வேலை போய்விடும். வெளியாட்களிடம் நான் வாய் திறந்ததும் இல்லை. டிரைவர் பார்த்துவிட்டு, "இன்னா, வாய்ல கொழுக்கட்டையா? நவுரு" என்றார்.

"பாம்பு" என்றேன். எங்கள் மலையில் யாரையும் நிற்க வைக்கிற சொல் அது ஒன்றுதான்.

அந்த அம்மா வராண்டா வரை ஓடிவிட்டார். டிரைவர் ஓடவில்லை. ஒரு தடியை எடுத்துக்கொண்டார். "ஒங்க அடுப்புல வெந்நி கொதிக்குதில்ல? ரெண்டு குண்டான் உள்ள ஊத்துனா தானா ஓடியாந்துடும்" என்று குண்டானைத் தூக்கவும் போய்விட்டார். நான் இதை யோசிக்கவே இல்லை. ஒரு குளியலுக்குப் பயந்தேன். இப்போது கொதிநீரே வருகிறது.

அதற்குள் குடத்தோடு அப்பாவும் அக்காவும் வந்துவிட்டார்கள். "யாரு பாத்தது?" என்றார் அப்பா. டிரைவர் என்னைக் காட்டினார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு நகக்கண்ணெல்லாம் வெள்ளையாக இருந்த என் விரல்களைப் பார்த்தார்.

"ஊத்தாதீங்கண்ணா. சூடு பட்டா சீறிக்கினு மேல வுழும். நான் பாத்துக்கறேன்."

தடியை வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தட், தட் என்று அடி விழுந்தது. "ஏய்! ஏய்!" என்று சத்தம். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"தண்ணி போற தூம்பு வழியா பூந்து போய்ட்ச்சுங்கம்மா. ஜோடி இருந்தாலும் இருக்கும். ரெண்டு நாளைக்கு யாரும் உள்ள போவாதீங்க."

"ரெண்டு நாளா? இனிமே நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்ப்பா!" என்றார் அந்த அம்மா. அவரும் ஆபீசரும் எங்கள் அறைக்குப் பின்னால் தட்டி மறைவில்தான் குளித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் ஆபீசர் உள்ளே போய், சந்துகளை நகத்தால் கீறிப் பார்த்தார். ஒன்றும் உதிரவில்லை. "ம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வேலை தப்பியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் சொன்ன பொய்க்கு நிஜப் பாம்பு எப்படி வந்தது என்பது மட்டும் விளங்கவில்லை. என் வாயில் ஏதோ தோஷம், சொன்னது வந்துவிடுகிறது என்று நினைத்து, வெகுநாள் கரடி என்ற பேச்சையே எடுக்காமல் இருந்தேன்.

ஆபீசர் எத்தனை நாள் தங்கினார், பூச்சு எப்போது காய்ந்தது என்பதெல்லாம் நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம். அக்கா செங்கத்தில் இருக்கிறாள். யாராவது அவளைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பாம்பைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம். தூம்பில் நுழைந்த வாலைத் தன் கண்ணால் பார்த்ததாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.